புளி போட்டு விளக்கிய மூலை

சனிக்கிழமை காலைகளில் அந்தப் பல்கலைக்கழகக் கட்டிடத்தில் உயிரோடு இருந்தவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் எல்லாம் வெண்கலத்தில் இருந்தார்கள். இரண்டாம் மாடிக்குப் படி திரும்பும் இடத்தில், சுவரில், ஒரு கரம்போர்ட் அளவில் சதுரமான வெண்கலப் பலகை ஒன்று பதித்திருந்தது. அதில் ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் கழுதைகளும் மூட்டைகளுமாக ஒரே சனக்கூட்டம். இத்தாலியில் புளோரன்ஸ் என்ற ஊரில், ஒரு கோயில் வாசலில் நிற்கும் பெரிய வெண்கலக் கதவிலிருந்து அச்செடுத்த பிரதி என்று கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. ஐந்நூறு வருடத்துக்கு மேற்பட்ட வேலைப்பாடு.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆறு மாதக் குழந்தையையும் மனைவியையும் விட்டுவிட்டு ரொறன்ரோவுக்கு வந்தவன் நான். அஜின்கோர்ட்டில் ஒரு பேஸ்மென்ட் அறை. விடியற்காலை பஸ்ஸும் சப்வேயும் பிடித்துப் போய் ஆறு மணிக்குத் தரை கூட்டும் தும்புத்தடியைக் கையில் எடுத்தால் இரண்டு மணிக்கு வைப்பேன். அவர்களை ஸ்பொன்சர் செய்து கூப்பிடுவதற்கு நிரந்தர வேலைக் கடிதம் வேண்டும். அந்தக் கடிதத்துக்காகத்தான் அந்த வேலை. வேறு எந்தக் காதலும் அதில் எனக்கு இருக்கவில்லை, அந்தப் பலகையைத் துடைக்கத் தொடங்கும்வரை.

தூசி தட்டும்போதுதான் அதன் சூட்சுமம் தெரிந்தது. முன்னால் நின்றவர்கள் கிட்டத்தட்ட முழு மனிதர்கள். துணி அவர்களுடைய கழுத்துக்குப் பின்னால் போய் மறுபக்கம் வரும். அடுத்த வரிசைக்கு அரை உடம்புதான். பின்னால் போகப் போக மேடு குறைந்து, கடைசி ஆட்கள் நகத்தால் கீறிய கோடு மாதிரி இருந்தார்கள். ஆனால் இரண்டு எட்டுத் தள்ளி நின்று பார்த்தால் நடுவில் வட்டமான பெரிய மண்டபம், அதன் வளைவுகளுக்குள் ஆட்கள், அதற்கப்பால் மரம், அதற்கும் அப்பால் வெளி. கண்ணுக்கு ஒரு மைல் தூரம் தெரியும். கை வைத்தால் நாலு விரல் ஆழம்கூட இல்லை. எப்படிச் செய்தான் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கதையும் விளங்கவில்லை. நான் சைவக்காரன். கிழமை நாட்களில் கீழ்த்தளம் துடைக்கும் அண்ணை ஒருவர் இருந்தார், மன்னார் ஊர்க்காரர், கிறிஸ்தவ வேதக்காரர். ஒருநாள் அவரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன். இதில் முக்கியமான ஆட்கள் இரண்டு மூன்று பேர் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"உதெல்லாம் வேற வேற ஆக்கள் இல்லைத் தம்பி," என்றார். "ஒராள்தான். ஒரு பலகைக்குள்ளேயே அவற்ற முழுக் கதையும் கிடக்கு."

வலது மேல் மூலையில், கிணற்றடியில், அண்ணன்மார் தம்பியைப் பிறதேசத்து வியாபாரிகளுக்கு விற்கிறார்கள். போன தேசத்தில் அவன் பெரிய அதிகாரியாகிவிடுகிறான். ஊரில் பஞ்சம் வந்து, அதே அண்ணன்மார் அவனிடமே தானியம் வாங்க வந்து நிற்கிறார்கள். அவனை அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை.

"பிறகு?"

"பிறகென்ன, நான்தானடா உங்கட தம்பி எண்டு சொல்லிக் கட்டிப்பிடிச்சு அழுவார். உதோ, இடது பக்கம் மேல."

எங்கே என்று தேடினேன். மண்டபத்துக்குப் பின்னால், மங்கலான கீறல்களாக, கறுப்பு அப்பிப் போய்க் கிடந்தது. மூட்டை கட்டுகிறவனும் கழுதையும் முன்னால் கொழுத்துப்போய் நிற்க, கட்டிப்பிடித்து அழுகிற இடம் கண்ணுக்கே தெரியாமல் இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. சிற்பி மேலா, கறுப்பு மேலா என்று சொல்லத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அஜின்கோர்ட் நூலகத்தில் அந்தக் கதவின் படங்கள் உள்ள பெரிய புத்தகம் ஒன்றைத் தேடி எடுத்தேன். பத்துப் பலகை. ஒரு கதவைச் செய்ய அந்த மனிதன் இருபத்தேழு வருடம் எடுத்திருக்கிறான். கதவுச் சட்டத்தில், ஒரு சின்ன வட்டத்துக்குள், தன்னுடைய மொட்டைத் தலையையும் வைத்திருக்கிறான். ஐந்து வருடக் காத்திருப்புக்கே தலைமயிர் கொட்டிப்போன எனக்கு அவனை உடனே பிடித்துவிட்டது. ஆனால் என்னைத் தூக்கிவாரிப் போட்டது வேறு. கதவு முழுவதும் பொன். பளபளவென்று பொன். எங்கள் கட்டிடத்துப் பலகை மட்டும் கரிச்சட்டி மாதிரி இருக்கிறது. இவர்களுக்கு ஒரு சாமானை விளக்கி வைக்கத் தெரியாதா என்று நினைத்தேன்.

அன்றைக்கும் மனைவியோடு கதைத்தேன். அவளும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் விசாவுக்குக் காத்திருந்தார்கள். ஞாயிறுதோறும் நான் ரெலிபோன் எடுப்பேன். மகள் என்னோடு நன்றாகக் கதைப்பாள், பாட்டுப் பாடுவாள், பள்ளிக்கூடத்துச் சண்டைகளைச் சொல்லுவாள். அன்றைக்கு மனைவி சிரித்துக்கொண்டு ஒன்று சொன்னாள்.

"உவளுக்கு அப்பா எண்டால் ரெலிபோன்தான். போன கிழமை லொட்ஜ்காரர் அதைத் திருத்தக் கொண்டுபோக, அப்பாவைக் கொண்டுபோட்டாங்கள் எண்டு அழுதவள்."

நானும் சிரித்தேன். வைத்த பிறகு வெகுநேரம் கட்டிலில் இருந்தேன். படத்தைக் காட்டிக் காட்டித்தான் வளர்க்கிறாள், ஆனால் படத்தில் இருப்பவனுக்குத் தலை நிறைய மயிர். நான் போய் முன்னால் நின்றால் என் பிள்ளைக்கு என்னைத் தெரியுமா? அந்தக் கேள்வி அன்றைக்குப் பிடித்தது, பிறகு என்னை விடவில்லை.

சனிக்கிழமை, தமிழ்க்கடையில் வாங்கிய புளியில் ஒரு உருண்டையைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். எங்கள் வீடுகளில் குத்துவிளக்கை வேறு எதனால் விளக்குவார்கள்? ஏணி வைத்து ஏறி, புளியைக் கரைத்து, இடது மேல் மூலையில் மட்டும் தேய்த்தேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு தோள் மஞ்சளாக வந்தது. அதன்மேல் ஒரு கை. ஒருவன் மற்றவனைக் கழுத்தோடு கட்டிக்கொண்டிருந்தான். அரிசி அளவில் இருந்த அந்த முகங்களை விரலால் தேய்த்துத் தேய்த்து வெளியே கொண்டுவந்தேன். கட்டிடத்தில் ஒரு சத்தமும் இல்லை. ஏணியில் நின்றபடி அழுதேன். யாரும் பார்க்கவில்லை என்பது அன்றைக்கு ஆறுதலாக இருக்கவில்லை.

திங்கட்கிழமை சூப்பர்வைசர் என்னைப் படியடிக்குக் கூப்பிட்டார். அங்கே கலைப் பிரிவுப் பேராசிரியை ஒருவர், வயதான அம்மா, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அந்த மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அசல்தான் பொன் பூசியது என்றும், இந்தப் பிரதி வெறும் வெண்கலம் என்றும், அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை, வேண்டுமென்றே மருந்து போட்டு ஏற்றிய நிறம் என்றும் ஆறுதலாகச் சொன்னார். வேலை போனால் கடிதம் போகும், கடிதம் போனால் விசா போகும்.

எதனால் தேய்த்தாய் என்று கேட்டார். பையில் மிச்சமிருந்த புளியைக் காட்டினேன். வாங்கி முகர்ந்து பார்த்தார். பிறகு, ஏன் இந்த மூலையை மட்டும் என்று கேட்டார்.

அதற்குரிய ஆங்கிலம் என்னிடம் இருக்கவில்லை. "டேர்ட்டி," என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை இல்லை, ஆனால் கோபமும் இல்லை. பெரிய சேதம் ஒன்றும் இல்லை என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுப் போனார். வேலை தப்பியது. என்னை மட்டும் வேறு கட்டிடத்துக்கு மாற்றினார்கள். அங்கே சுவர்களில் தீயணைக்கும் கருவிகள்தான் இருந்தன.

அடுத்த வருடம் வசந்தத்தில் மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். விமான நிலையத்தில் மகள் தாயின் சட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். மனைவி, "அப்பா, அப்பா," என்று எத்தனையோ முறை சொன்னாள். பிள்ளை என் மொட்டைத் தலையைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டது. ரெலிபோனில் மணிக்கணக்காகக் கதைத்தவன், நேரில் அவளுக்கு முன்னால் ஊமையாக நின்றேன். இரண்டு நாள் என் அறைக்குள் ஒரு சுவரோரமாகவே நடந்து திரிந்தாள்.

மூன்றாம் நாள் பின்னேரம் பால் வாங்கப் போனேன். கடைவாசலில் ஒரு பொதுத் தொலைபேசி இருந்தது. என்ன நினைத்து எடுத்தேனோ தெரியாது, என் வீட்டு இலக்கத்தை அழுத்தினேன். மணி அடித்த உடனேயே ஓடிவந்து அவள்தான் எடுத்தாள்.

"பிள்ளை, அப்பா கதைக்கிறன்."

"அப்பா," என்றாள். அந்தக் குரலில் இருந்த சந்தோசத்தை இரண்டு நாளாக நான் கேட்கவில்லை. "நாங்கள் கனடாவுக்கு வந்திட்டம். இஞ்ச ஒரு மாமா வீட்டிலதான் நிக்கிறம். நீங்கள் எப்ப வருவியள்?"

இரண்டு இடத்தில் நிற்பது ஒராள்தான் என்று எனக்கே ஒரு மன்னார்க்காரர் சொல்லித்தர வேண்டியிருந்தது. அவளுக்கு ஆறு வயது.

"இப்ப வாறன்," என்றேன். "வாசலில வந்து நில்லுங்கோ."

பால் பையைத் தூக்கிக்கொண்டு விரைவாக நடந்தேன். பக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, காலில் செருப்பும் இல்லாமல், வாசற்படியில் நின்றாள். தலை சீவியிருந்தாள். நான் கிட்டப் போய் நின்றேன். அவள் கழுத்தை நீட்டி, எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள்.

"மாமா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ," என்றாள். "அப்பா வாறார்."

நான் தள்ளி நின்றேன்.