தரோபிரெட்டுக்கு வம்சம் சொல்பவர்

குதிரையின் கழுத்திலிருந்து கையை எடுத்து, சட்டை ஓரத்தில் துடைத்துக்கொண்டுதான் சிவசக்தி கதையைத் தொடங்குவார். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, காலில் ரப்பர் சப்பாத்து. இருபது வருடம் கொழுந்து பறித்துக் கறுத்த விரல்கள் இன்னும் வெளுக்கவில்லை.

இலங்கை மலையகத்தில் பூனாகலைப் பக்கம், தோட்டத் துரை பங்களாவாக இருந்து ஹோட்டலாகிவிட்ட ஓர் இடத்தில் அவர் குதிரை பார்க்கிறார். விருந்தினரை ஏற்றித் தேயிலை மலையைச் சுற்றிக் கூட்டிவருவது வேலை. ஏறுவதற்கு முன் வம்சக் கதை.

"இது தரோபிரெட் சாதிங்க, கலப்பில்லாத ரேஸ் குதிர. முந்நூறு வருசத்துக்கு முந்தி, அரபு, துருக்கிப் பக்கமிருந்து மூணு ஆண் குதிரைய வெள்ளக்காரன் சீமைக்குக் கொண்டுபோனான். இன்னைக்கு ரேசுல ஓடுற தரோபிரெட்டு அம்புட்டும் அந்த மூணோட வாரிசுதான். காலப் பாருங்க, எம்புட்டு ஒல்லி! ஓடுறதுக்குன்னே பொறந்தது."

பிறகு கண்ணாடி போட்ட சான்றிதழைக் காட்டி, தகப்பன், பாட்டன், பூட்டன் என்று ஐந்து தலைமுறையையும் தடுமாறாமல் ஒப்பிப்பார். வருகிறவர்கள் மயங்கிப்போவார்கள். அங்கே தங்கப் போன நானும்தான் மயங்கினேன்.

கதை சொல்லும்போது குதிரை மேலிருந்து கையை ஏன் எடுத்துவிடுகிறார் என்று போன வாரம் லாயத்தில் வைத்துக் கேட்டேன். குனிந்த தலை நிமிராமல் சொன்னார். சான்றிதழ் உண்மைதான், குதிரைதான் வேறு. அந்தத் தரோபிரெட் இரண்டு வருடத்துக்கு முன் வயிற்றுவலியில் செத்துவிட்டது. இது நுவரெலியாவிலிருந்து மலிவாக வந்த கலப்புக் குதிரை.

"கதைய மாத்தினா வேல இல்லேன்னுட்டாரு மேனேஜரு. மக பதுளையில படிக்குது, என்னாங்க செய்ய? வெக்கமாத்தான் இருக்கு. இது மேல கைய வச்சுக்கிட்டுப் பொய் சொன்னா, இதுக்கு ஏதாச்சும் ஆயிருமில்ல?"

அதற்கு முந்தைய நாள் நான் செய்த காரியம் நினைவுக்கு வந்தது. சீ, இந்த வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக்கூடாதா!

அன்று முற்றத்தில் ஏழெட்டு விருந்தினர். வராந்தாவில் மேனேஜர் நிமலன். கதையில் சொக்கிப்போன நான் கேலியாக, "எங்க, குதிரை தலையில கை வச்சுச் சத்தியம் பண்ணுங்கக்கா, நம்புறோம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நிமலன் மட்டும் சிரிக்காமல் அவரையே பார்த்தார்.

சிவசக்தி குதிரையைப் பார்த்தார். அது அவர் தோளில் மூக்கை உரசியது. அவர் ஓரடி விலகி நின்று, தன் உச்சந்தலையில் கையை வைத்துக்கொண்டு, தகப்பன் பெயரிலிருந்து ஒப்பிக்கத் தொடங்கினார்.