பெரிய வெள்ளியைச் சொன்ன இரத்தம்

என் கணவருக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று ஊரே சொல்லும். வாயைத் திறக்காமலே பொய் சொல்லுவார் என்பது எனக்கல்லவா தெரியும்.

உயிர்த்த ஞாயிறு பின்னேரம் மூச்செடுக்க முடியாமல் கதிரையில் சரிந்துவிட்டார். மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம்.

"மத்தியானம் இறைச்சி கூடிப்போச்சு. நெஞ்சு நோகுது" என்றார்.

இரத்தம் எடுத்தார்கள். சில மணி நேரம் விட்டு மறுபடியும் எடுத்தார்கள். டாக்குத்தர் என் மகள் வயதுப் பெண். முடிவுகளைப் பார்த்துவிட்டுக் கட்டிலருகே வந்தார்.

"ஐயா, இது இண்டைக்கு வந்த அட்டாக் இல்லை. இருதயத் தசை சேதப்பட்டால் அதிலயிருந்து சில பொருள் ரத்தத்தில கசியும். ஒண்டு கெதியா ஏறி, இரண்டு மூண்டு நாளில இறங்கிப்போடும். மற்றது ட்ரோபோனின், அது ஒரு கிழமைக்கு மேலயும் நிக்கும். உங்களுக்கு முதலாவது இறங்கிட்டுது, ட்ரோபோனின் இன்னும் உயரத்தில நிக்குது. உடன வந்திருந்தால் குழாயை அடைச்ச ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி போட்டிருக்கலாம்."

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை. தூம்பாவுக்குக் கீழ" என்றார்.

மரித்த ஆண்டவரின் சுரூபத்தை வைத்துத் தெருவழியே சுமக்கும் தூம்பாவில் முன் வலப்பக்கம் அவருடைய இடம். அவருடைய தகப்பன் சுமந்த இடமும் அதுதான். அன்று அவர் வியர்த்துக் கொட்டியதைப் பார்த்து, என்ன பக்தி என்று நான் கண் கலங்கினேன்.

"தோளை எடுத்திருந்தால் ஆண்டவர் விழுந்திருப்பார்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஆண்டவர் மூண்டாம் நாள் எழும்பிடுவார். உங்களை ஆர் எழுப்புறது?" என்று கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

பிறகு ஒவ்வொரு முறை சோதிக்கும்போதும் ட்ரோபோனின் குறைந்தது. நான் மாதாவுக்கு மெழுகுதிரி நேர்ந்தேன். டாக்குத்தர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"குறைஞ்சால் சுகமாகிட்டுது எண்டு இல்லையம்மா. கசியிறது நிண்டிட்டுது, அவ்வளவுதான். செத்த தசை திரும்பி வராது."

அடுத்த பெரிய வெள்ளிக்கு அவரால் கோயில்வரை நடக்க முடியவில்லை. வாசல் படலையடியில் கதிரை போட்டு இருத்தினேன். தூம்பா எங்கள் வாசலைக் கடந்தது. அவருடைய இடத்தில் வேறொருவர் தோள் கொடுத்திருந்தார். ஆட்டம் அசைவில்லாமல் போனது. அது சந்தி திரும்பும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஆண்டவர் விழேல்லை" என்றார்.

ஒரு வருடமாக நான் சொல்லக் காத்திருந்த வார்த்தை அது. அவர் வாயால் கேட்டபோது என்னால் தாங்க முடியவில்லை.