கவிழ்த்து வைத்த மங்கு

ஐவியின் இடது கை ரப்பர் ஷீட்டைக் கண்ணாடி மேசையின் மேல் விரித்துப் பிடித்திருந்தது. கண்ணாடிக்கு அடியில் விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சத்தில் ஷீட்டு தேன் நிறமாகவும், அதற்குள் சிக்கிய தூசும் பட்டைத் துணுக்கும் கறுப்புப் புள்ளிகளாகவும் தெரிந்தன. வலது கையிலிருந்த கத்தரிக்கோல் புள்ளிகளை ஒவ்வொன்றாக வெட்டியெடுத்துத் தகர டப்பாவில் போட்டது. கத்தரிக்கோல் ஒரு கயிற்றால் அவள் இடுப்போடு கட்டப்பட்டிருந்தது. ஒரே மாதத்தில் மூன்று கத்தரிக்கோல்களைத் தொலைத்தவள் என்பதால் அந்த ஏற்பாடு.

கட்டி அடுக்கிய ரப்பர் மூட்டைகளுக்குப் பின்னால் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் வந்தது அவளுக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்றுதான் வந்திருந்தேன்.

கை வேகமாகத்தான் ஓடியது. ஆனால் விரல் நுனி நடுங்கியது. நிமிடத்துக்கு ஒரு முறை உதட்டை நக்கினாள். இரண்டு முறை எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். வாய் வறட்சி, கை நடுக்கம். அவள் சாப்பிடும் மாத்திரை அளவுக்கு மீறினால் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். மனநோயாளிகள் வார்டில் உதவியாளராக இருபது வருடம் வேலை பார்த்தவள் நான்.

இது 1984இல், மலேசியாவின் ஈப்போ நகரத்தில். அப்போது எனக்கு நாற்பத்து நான்கு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஐவிக்கு இருபத்திரண்டு. அவள் அப்பா ஆம்புரோஸ் என் பெரியப்பா மகன். சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் மரம் வெட்டினவர், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். நான் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். தோட்டத்துக்குக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் போனதோடு சரி. இதை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு தெரியும்.

மேசை வேலைகளை மேற்பார்வை பார்த்த வீரம்மாவை ஓரமாக அழைத்துக் கேட்டேன்.

“வேலையெல்லாம் நல்லாத்தான் செய்யுது அக்கா. ஒரு நாளைக்கு நூறு ஷீட்டு பாக்கும், நாலு பேரு வேல. மறுநாளு பத்து ஷீட்டுல நின்னுரும். சோத்து டப்பாவ பஸ்ல விட்டுட்டு வந்து நிக்கும். திட்டுனா சிரிக்கும். இப்ப ஒரு வாரமா சிரிக்கிறதும் இல்ல.”

“யாராவது தேடி வராங்களா?”

“ஆம்பளையா? ஐயோ அக்கா, இதுக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்குமா!”

வீரம்மா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

ஐவியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தோட்டத்துப் பள்ளியில் கெட்டிக்காரி, ஆனால் நாற்காலியில் உட்காரமாட்டாள். பதிமூன்று வயதில் அம்மாவோடு மரம் வெட்டப் போனாள். அம்மா இருந்தவரை ஏதோ ஓடியது. அம்மா இறந்த பிறகு தட்டச்சு வகுப்பு மூன்று மாதம், தையல் இரண்டு மாதம், துணிக்கடை, கமுந்திங்கில் ஒரு ஃபேக்டரி, எல்லாம் பாதியில். எதையும் வேண்டாமென்று விடவில்லை. நேரம் மறந்தாள், நாள் மறந்தாள், பொருள் தொலைத்தாள். அவர்களாகத்தான் அனுப்பினார்கள். நாலாவது இடத்திலும் அனுப்பியபோது வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தாள். இரண்டு மாதம் எழவில்லை. தலை வாரவில்லை. வீட்டில் சோம்பேறி என்றார்கள். ஒரு நாள் தோட்டத்தில் பூச்சிமருந்து வைக்கும் ஸ்டோர் வாசலில் உட்கார்ந்திருந்தவளை யாரோ கண்டு கூட்டிவந்தார்கள். அவள் எதையும் தொட்டிருக்கவில்லை. ஆனால் ஏன் அங்கே போனாள் என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். “ஒண்ணையாச்சும் முழுசா முடிச்சிரலாம்னு பாத்தேன் அத்தை” என்றாள். அன்றைக்கே அவளை ஈப்போவுக்குக் கூட்டிவந்துவிட்டேன். பிறகு ரப்பர் கிடங்கில் வேலையும் வாங்கிக் கொடுத்தேன்.

அவள் அண்ணன் அலெக்சாண்டர் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுபவன். அவன் ஒரே நிபந்தனை போட்டான். “இன்னொரு தடவ இப்பிடி ஏதாச்சும்னா வார்டுலதான் சேக்கணும் அத்தை. அப்பாவால தாங்க முடியாது.” நானும் சரி என்றேன். சேர்த்தால் வேலை போகும். அந்த வேலையும் போனால் அவள் மறுபடி எழுந்திருக்கமாட்டாள் என்பதும் எனக்குத் தெரியும்.

டாக்டர் மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. இரண்டு வாரத்துக்கு இருபத்தெட்டு. இரவு மாத்திரையை நானே கொடுப்பேன். வாயைத் திறக்கச் சொல்லி நாக்குக்கு அடியிலும் பார்ப்பேன். காலை மாத்திரையைத் தானே எடுத்துக்கொள்வதாக ஐவி கெஞ்சினாள். “அதாவது எனக்குன்னு இருக்கட்டும் அத்தை.” ஒத்துக்கொண்டேன். ஆனால் தினமும் இரவில் அவளுக்குத் தெரியாமல் எண்ணினேன்.

முதல் நாளே கணக்கில் ஒன்று குறைந்தது. மருந்து கொடுத்தவர் தவறாக எண்ணியிருப்பார் என்று நினைத்தேன். இரண்டாம் நாளும் ஒன்று குறைந்தது. அன்றே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வார்டில் எங்களுக்குப் பழக்கம் அப்படி: மாத்திரையைப் பதுக்குகிறவரைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும், முன்னாலேயே கேட்டால் இடத்தை மாற்றிவிடுவார்கள். ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் தினமும் எண்ணிக்கையை எழுதிவைத்து, பொறுத்திருந்தேன்.

பக்கத்து வீட்டு நல்லம்மாளும் தன் பங்குக்கு வந்தாள்.

“அக்கா, அந்தப் புள்ளைக்கி நாக்கு ஒட்டிக்கிட்டுப் பேச்சே வரல. கண்ணு சொருகுது. எங்க மச்சான் மவன் இப்பிடித்தான் ஆரம்பிச்சான். போதைலா அது. பாத்துக்கங்க.”

“பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றேன்.

சனிக்கிழமை ரப்பர் கிடங்கில் வேவு பார்த்துவிட்டு நேராக வீட்டுக்கு வந்து அவள் அறையைச் சோதித்தேன். மெத்தை, தலையணை உறை, பாவாடை மடிப்பு, சப்பாத்து நுனி என்று வார்டில் பார்க்கும் இடம் ஒன்றையும் விடவில்லை. கிடைத்தவை: ஒற்றைக் கம்மல் இரண்டு, வேறு வேறு ஜோடி. பின்னத் தொடங்கிய மேசை விரிப்புகள் நான்கு, எதுவும் உள்ளங்கை அளவைத் தாண்டவில்லை. அப்பாவுக்கு எழுதித் தபாலில் போடாத கடிதங்கள் ஆறு. எல்லாம் ‘நான் நலம்’ என்று தொடங்கி அடுத்த வரியில் நின்றிருந்தன. மாத்திரை ஒன்றுகூட இல்லை.

இப்போது அந்த மாதிரி மனசுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். போன வருடம் ஐவியின் பேரனைப் பரிசோதித்த டாக்டர் ஏடிஎச்டி என்று சொல்லி, கவனம் ஓரிடத்தில் நிற்காத குறை என்று விளக்கினாராம். “அவர் சொல்லச் சொல்ல எங்கதையே சொல்ற மாதிரி இருந்துச்சு அத்தை” என்று என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவளுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. பத்தொன்பது வருடம் அதே கண்ணாடி மேசையில் வேலை பார்த்து, கிடங்கை மூடியபோதுதான் நின்றாள். ஆனால் அன்று என்னிடம் அந்தப் பெயர் இல்லை. என்னிடம் இருந்தது சந்தேகம் மட்டும்தான்.

பதுக்கவில்லை என்றால் விழுங்குகிறாள். வேண்டுமென்றே விழுங்குகிறாள். அந்தச் சனிக்கிழமை இரவு எட்டு நாள் கணக்கில் பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்துதான் இருந்தன. தோட்டத்து ஆபீசுக்குப் போன் போட்டு, காவலாளியிடம் நாளைக்கு வா என்று அலெக்சாண்டருக்குச் சொல்லச் சொன்னேன்.

ஞாயிறு பூசை முடிந்து நாங்கள் வீடு திரும்பியபோது அவன் வாசலில் நின்றான். கையில் காலியான துணிப்பை. தங்கையின் சாமான்களை எடுத்துப்போக வந்திருந்தான். மூவரும் சமையலறையில் உட்கார்ந்தோம். காலண்டர் தாளை மேசைமேல் வைத்தேன்.

“ஏழு மாத்திர எங்க, ஐவி?”

அவள் தாளைப் பார்த்தாள். “தினம் எண்ணுனீங்களா அத்தை?”

“எண்ணுனேன். எங்க?”

“தெரியல.”

அலெக்சாண்டர் மேசையைத் தட்டினான். “தெரியலயாம்! வெட்டுக்கத்தி எங்கன்னு கேட்டா தெரியாது, ஐசி கார்டு எங்கன்னா தெரியாது. உன் வாய்க்குள்ள போனதுகூடத் தெரியாதா?”

“தெரியாது அண்ணே. முழுங்குனேனா இல்லையான்னு ரெண்டு நிமிசத்துல எனக்கே தெரியாது. நீ என்னைய கேலி பண்ணிட்டுப் போ. கிடங்குல கத்திரிகோல என்கிட்ட கட்டல, என்னையத்தான் கத்திரிகோல்ல கட்டியிருக்காங்க.”

“இந்த வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல” என்றான். ஆனால் குரல் இறங்கியிருந்தது.

எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. எழுந்து மேசையைத் துடைத்தேன், தேநீர்க் கோப்பைகளைக் கழுவினேன், அலமாரித் தட்டை ஒதுக்கினேன். மருந்துப் புட்டிக்குப் பக்கத்தில் ஐவி தோட்டத்திலிருந்து கொண்டுவந்த மங்கு இருந்தது. ரப்பர் மரத்தில் பால் வடிய வைக்கும் கிண்ணம். அதை வீட்டுக்குள் வைத்திருப்பதே எனக்குப் பிடிக்காது. அதுவும் ஈரத்தோடு கவிழ்ந்து கிடந்தது. ஈரப் பாத்திரத்தைப் பலகையில் கவிழ்த்தால் அடியில் பூஞ்சை பிடிக்கும், எறும்பு சேரும். தினமும் காலையில் வெளியே கிளம்பும் முன் செய்வதை அன்று பூசைக்குப் போகும் அவசரத்தில் விட்டிருந்தேன். இப்போது அதை எடுத்துத் துடைத்து, நிமிர்த்தி வைத்தேன்.

“அதத் தொடாதீங்க அத்தை!”

ஐவி கத்திய கத்தலில் என் கை நின்றது. அலெக்சாண்டர் எழுந்து வந்தான். மங்கைப் பார்த்தான், புட்டியைப் பார்த்தான், பிறகு தங்கையைப் பார்த்தான்.

“நீ கவுத்து வச்சியா?”

அவள் தலையாட்டினாள்.

“அத்தை, இத யாரு நிமித்துறது?”

“நாந்தான். தினமும்.”

அவன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். “மழக்காலத்துல பால் எடுத்த மரத்துக்கு மங்க கவுத்திருவோம் அத்தை. தண்ணி நிக்காது. இந்த மரம் முடிஞ்சிருச்சுன்னு தூரத்துலயே தெரியும். அம்மா அப்பிடித்தான் இவளுக்குச் சொல்லிக்குடுத்துச்சு. இல்லன்னா ஒரே மரத்துக்கிட்ட மூணு தடவ போயி நிப்பா. நிமிந்திருந்தா இன்னும் எடுக்கலன்னு அர்த்தம்.”

ஐவி சுவரைப் பார்த்துச் சொன்னாள். “எந்திரிச்சதும் முழுங்கிட்டு, மங்குல தண்ணி குடிச்சி, கவுத்து வைப்பேன். குளிச்சி உடுத்திட்டு வந்து பாத்தா நிமிந்திருக்கும். சரி, இன்னும் முழுங்கலன்னு நெனச்சுக்குவேன்.”

“என்கிட்ட சொல்றதுக்கு என்னடி?”

“மாத்திர முழுங்குனத ஞாபகம் வச்சிக்க ஒரு மங்கு வேணும்னு சொன்னா, என்னைய என்ன நெனப்பீங்க?”

நான் உடனே நம்பிவிடவில்லை. நல்ல பொய் எத்தனையோ கேட்டவள். அண்ணனும் தங்கையும் சேர்ந்து சொன்னால் எனக்குச் சந்தேகம் இன்னும் கூடும். காலண்டர் தாளை எடுத்து ஒவ்வொரு நாளாகப் பார்த்தேன். ஏழு நாள் மூன்று மூன்றாகக் குறைந்திருந்தது. புதன்கிழமை மட்டும் இரண்டு, சரியான கணக்கு. அந்தப் புதன்கிழமை இன்னொருத்திக்குப் பதிலாக டியூட்டி பார்க்கப் போனேன். காலை ஐந்து மணிக்கே வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டேன். ஐவி அப்போது தூங்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மங்கை நிமிர்த்த வீட்டில் ஆள் இல்லை.

என் கையெழுத்தே எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது. ஏழு நாள் அந்தப் பிள்ளைக்கு அதிக மருந்து கொடுத்தது நான். அதை எண்ணி எண்ணி எழுதிவைத்ததும் நான்.

“அப்ப பைய என்ன பண்றது?” என்று அலெக்சாண்டர் கேட்டான்.

“மடிச்சு வையி. சந்தைல ஏதாச்சும் வாங்கிட்டுப் போ.”

அவன் கிளம்பும்போது ஐவி அறைக்குள் ஓடிப்போய், தபாலில் போடாத கடிதங்களில் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். “அப்பாகிட்ட குடு.”

பிரித்துப் பார்த்தான். “ரெண்டாவது வரியே இல்லையே லா!”

“மிச்சத்த நீ சொல்லு” என்றாள்.

மறுநாள் திங்கட்கிழமை. அரை நாள் லீவு சொல்லிவிட்டேன். ஐவி எழும் முன்பே கதவு நிலைக்குப் பக்கத்தில், என் துடைக்கும் துணி போகாத உயரத்தில் ஒரு ஆணி அடித்தேன். சத்தத்தில் அவள் எழுந்து வந்தாள். என்னவென்று கேட்கவில்லை. பழைய துணிமாட்டிக் கம்பியை எடுத்து, தோட்டத்து மரத்தில் கட்டியிருப்பதுபோல வளையமாக வளைத்து ஆணியில் மாட்டினாள். மாத்திரையை விழுங்கி, தண்ணீர் குடித்து, மங்கைக் கவிழ்த்து வளையத்தில் வைத்தாள்.

அவள் குளிக்கப் போனதும் புட்டியைத் திறந்து எண்ணினேன். ஐந்தில் நேற்று இரண்டு, இன்று ஒன்று போக இரண்டு இருக்க வேண்டும். இரண்டு இருந்தன.

மங்கிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் தரையில் விழுந்தது. தரையை மட்டும் துடைத்தேன். ஏழே காலுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனேன். தப்பு என்னுடையது என்பதைத்தான் முதலில் சொன்னேன்.