இருநூற்றுப் பதினான்காம் எண்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்களும் இப்போது எழுந்து போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

1991. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு வாடகை வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர். சுற்றியுள்ள கிராமங்களில் மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களைப் பற்றி ஆராய்ச்சி. ஏழுமலை அண்ணன் சைக்கிளில் வீடு வீடாகப் போய் விவரம் எழுதி வருவார், டாக்டர் அதில் பெயரைக் கிழித்துவிட்டு எண் போட்டுக் கொடுப்பார், அதை நானும் ஸ்டெல்லாவும் தனித்தனியாக, ஒருத்தி அடித்ததை இன்னொருத்தி பார்க்காமல், கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் சரி. எந்த எண் யார் என்கிற பெயர்ப் புத்தகம் டாக்டர் பீரோவில் பூட்டியிருக்கும்.

ஒரு புதன்கிழமை பட்டியல் எடுத்தபோது இறந்தவர்களில் ஒருவர் கூடுதலாக வந்தார். எண் 214. ஷீட்டைப் பார்த்தால் முப்பத்தொரு வயதுப் பெண், நன்றாகத் தூங்குகிறார், சாப்பிடுகிறார் என்றுதான் எழுதியிருக்கிறது. நான் திங்கட்கிழமை அடித்தேன், ஸ்டெல்லா செவ்வாய்க்கிழமை. நம்பினால் நம்புங்கள், இருவருமே 'இறப்பு' என்று அடித்திருந்தோம். தேதியும் ஒன்றேதான். இன்னும் வராத வெள்ளிக்கிழமை.

ஸ்டெல்லா சிலுவை போட்டுக்கொண்டாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. பூத்துக்குப் போய், வெளியூரில் இருந்த டாக்டருக்குப் போன் போட்டேன்.

“தப்பா அடிச்சிட்டு என்னைக் கேக்கறீங்களா? திருத்துங்க. பேரெல்லாம் கேக்கக் கூடாது.”

வைத்துவிட்டார். திருத்தினேன். இரவெல்லாம் தூக்கமில்லை. எண் தெரிகிறது, ஆள் தெரியவில்லை, என்னதான் செய்வது?

வியாழக்கிழமை ஷீட்டை ஏழுமலை அண்ணனிடம் காட்டினேன். “ரெண்டு பசங்க, தையல் மிஷினு... இந்த மாதிரி மூணு பேரு கீறாங்கம்மா, எதுன்னு சொல்றது?” என்றார். மூன்று வீட்டுக்கும் போனோம். மூவருமே நன்றாகத்தான் இருந்தார்கள். வீட்டில் இருப்பவர்களிடம், நாளைக்கு மட்டும் இவர் கூடவே இருங்கள் என்று கெஞ்சினேன். ஏன் என்று கேட்டால் என்னவென்று சொல்வது? மூன்றாவது வீட்டுக்காரர் சண்டைக்கே வந்துவிட்டார்.

“நல்லா கீற பொம்பளையைப் பார்த்து இன்னாம்மா பேசற?”

அந்தப் பெண் தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்கி, “உடுய்யா. பாவம், அவங்க இன்னா பண்ணுவாங்க?” என்றார்.

வெள்ளிக்கிழமை மதியம் படுத்த அந்த மூன்றாவது வீட்டுப் பெண் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். அடுத்த திங்கட்கிழமை அவர் இறந்ததை எழுதி டாக்டர் கொடுத்த ஷீட்டில் 214 என்றே இருந்தது. நான் அழித்ததையே மறுபடி அடித்தேன். அழுதுகொண்டேதான் அடித்தேன்.

துக்கத்துக்குப் போய் வந்த ஏழுமலை அண்ணன் என் மேஜை பக்கத்திலேயே நின்றார்.

“பசங்க ரெண்டும் அன்னைக்கு வூட்லதான் இருந்துதுங்க. வெள்ளிக்கிழமை லீவு வேணும்னு அந்தம்மாவே ஸ்கூல்ல லெட்டர் குடுத்துச்சாம். போன திங்கட்கிழமையே.”

நான் அந்தத் தேதியை முதலில் அடித்தது அதே திங்கட்கிழமைதான். அவர் கடிதம் கொடுப்பதற்கு முன்பா, பின்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.