தம்பியின் வயதில் நான்

நாற்பது தாண்டியவர்களை எடுப்பதில்லை என்று திருப்பூரில் அந்தப் பனியன் கம்பெனியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். "நரைமுடிக்கு ஓவர்டைம் தாங்காதுங்க" என்பது அங்கே மேனேஜரின் வாடிக்கையான பேச்சு. எனக்கு அப்போது நாற்பத்தாறு. எங்கள் ஊர் கொமரலிங்கத்தில் தோட்ட வேலை பார்த்த தம்பிக்கு முப்பத்து மூன்று. அவனுடைய பள்ளிச் சான்றிதழைக் கொடுத்து, தலைக்கு மையடித்து, துணி தேய்க்கும் அயர்ன் டேபிளில் சேர்ந்துவிட்டேன். சம்பளச் சீட்டு, இன்சூரன்ஸ் கார்டு எல்லாம் அவன் பெயரில். போட்டோ மட்டும் என்னுடையது.

மூன்றாம் வருஷம், வேலையில் நிற்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கார்டு செல்லுபடியாகும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இருதயக் குழாயில் அடைப்பு, ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்றார்கள். கைக்காசு போட்டுச் செய்ய எங்களிடம் எதுவும் இல்லை.

டாக்டர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"முப்பத்தாறுங்களா?"

"ஆமாங்க."

பக்கத்திலிருந்த என் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அடுத்த ரூம்ல ஒரு முதலாளி இருக்காருங்க. அவரு ஏசி ரூம் எடுத்ததால என்ற ஃபீஸும் பெருசு. உங்களுக்குக் கார்டுல போட்டதுதான், அதுவும் எப்ப வருமோ. இன்சூரன்ஸ் ஆபீஸ்ல ஃபைலத் திருப்பிட்டா அதுவுமில்ல. கை செய்யற வேலை ரெண்டுக்கும் ஒண்ணுதானுங்க. நான் ஆபீஸுக்காகக் கேக்கல, மருந்துக்காகக் கேக்கறன். வயசு எத்தனைங்க?" என்றார் டாக்டர்.

"நாப்பத்தொம்பதுங்க சாமி," என்று மனைவி அழுதுவிட்டாள்.

அவர் அதை எழுதவில்லை. "எனக்குத் தெரிஞ்சாப் போதும். ஆனா ஆபரேஷன் பேப்பர்ல கையெழுத்துப் போடறது உங்க பாடு. இந்தப் பேருக்காரரு இனி இருதய நோயாளின்னு பதிவாயிரும். அவரு யாருங்க?"

"நாந்தானுங்க," என்றான், செய்தி கேட்டு பஸ் பிடித்து வந்து வாசலில் நின்ற தம்பி.

தோட்டத்தில் தண்ணீர் வற்றி, தை பிறந்ததும் அவனும் திருப்பூருக்கு வேலைக்கு வருவதாக இருந்தான். இந்தப் பதிவோடு அவன் பெயரில் எந்த நல்ல கம்பெனிக் கதவும் திறக்காது. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தேன்.

"உன்ற பொழப்புப் போயிருமேடா."

"ஏனுங்ண்ணா, எம்பேர்ல உங்களுக்கு அறுத்தா எனக்கா வலிக்கும்? போடுங்க சீக்கிரம், டாக்டர் நின்னுட்டே இருக்காரு."

போட்டேன். அவன் பெயரை, அவன் கண் முன்னாலேயே.

பிழைத்து வந்தேன். மாதாமாதம் மாத்திரை அந்தக் கார்டில்தான் கிடைத்தது. வேலையை விட்டால் கார்டு போய்விடும். நிற்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன அதே டேபிளில் நின்றுகொண்டே இருந்தேன். தம்பி அவிநாசிப் பக்கம் துணி பின்னும் ஒரு சின்ன நிட்டிங் யூனிட்டில் சேர்ந்தான். அங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை. யாருக்கும் கார்டும் கிடையாது.

ஒரு ஞாயிறு எங்களைப் பார்க்க வந்தவன், மாடிப்படியில் பாதி ஏறி நின்று மூச்சு வாங்கினான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்லீங்ண்ணா, வேகமா ஏறிட்டன்."

படி மொத்தமே பன்னிரண்டுதான்.