பதினேழாம் மனையின் மூலை

தீயணைப்பு நிலைய அதிகாரிக்கு ஊரில் 'டேப்பு' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். முதுகைத் திருப்பினால் சொல்லாமல் இருக்கவும் மாட்டார்கள். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, கால்சட்டைப் பையில் இரும்பு டேப் இருக்கும். விருந்துக்குப் போனால் சாப்பிட உட்காரும் முன் வாசற்கதவை அளப்பார். சினிமாக் கொட்டகையில் எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் வெளியேறும் வழியைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருமுறை துக்கம் கேட்கப் போன வீட்டில் மாடிப்படியின் அகலத்தைச் சாண் போட்டுக்கொண்டிருந்தார். அப்போது அவர் பெண்டாட்டி பார்த்த பார்வையில் அந்தப் படிக்கட்டே பற்றிக்கொள்ளாதது ஆச்சரியம்தான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் வரை அவர் இப்படி இல்லை. மேசையை விட்டு எழாமல், தேநீர் ஆறுவதற்குள் நாலு கோப்பில் கையெழுத்துப் போடும் சமர்த்தராகத்தான் இருந்தார். அப்புறம் ஒரு நாள் கடைக்குப் போய் டேப் வாங்கிக்கொண்டு வந்தார். ஏன் என்று வீட்டில் கேட்டார்கள். தேவைப்படுகிறது என்றார். அதோடு சரி.

அவர் மேசைக்கு வந்த கோப்புகளிலேயே அழகானது 'பூங்கா'வின் கோப்புதான். பூங்கா என்பது ஆள். எந்த நிலத்தை வாங்கி மனை போட்டாலும் அதற்கு ஏதாவது ஒரு பூங்கா என்று பெயர் வைப்பார். அந்தப் பெயர் அவருக்கே ஒட்டிக்கொண்டது. இந்த முறை நகரத்திலிருந்து பதினோரு கிலோமீட்டர் தள்ளி, முள்ளும் காய்ந்த புல்லுமாகக் கிடந்த மேட்டு நிலத்தில் நாற்பத்திரண்டு மனை. ரோஜாத் தெரு, மல்லிகைத் தெரு என்று பெயர்ப் பலகைகள் நின்றன. அங்கே முளைத்திருந்த ஒரே செடி அந்தப் பலகைகள்தான். நுழைவாயிலில் சிவப்பு வாளி இரண்டு தொங்கின. ஒன்றில் மணல், மற்றதில் பிளாஸ்டிக் பூ. தீப்பாதுகாப்புக்கு இதற்கு மேல் என்ன வேண்டும் என்பது பூங்காவின் கட்சி.

சட்டத்தின் கட்சி வேறு. ஒரே ஒரு பாதை, அதுவும் முட்டுச் சந்து என்றால், அதன் கடைசியில் தீயணைப்பு வண்டி ஒரே மூச்சில் திரும்ப வட்டமாக இடம் விட வேண்டும். அறுபது அடி விட்டம். வரைபடத்தில் வட்டம் இருந்தது. அச்சு அசலான வட்டம். அதைப் பார்த்தபடியே டேப்பு சோடா ஒன்றை உடைத்துக் குடித்தார். மூடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் வரைபடத்தின் மேலேயே வைத்தார். மூடி அந்த வட்டத்தில் போய் மயிரிழை பிசகாமல் உட்கார்ந்துகொண்டது.

அவர் மூடியை எடுத்தார், மறுபடி வைத்தார். பிறகு படம் வரைந்தவரைத் தொலைபேசியில் கூப்பிட்டார். வட்டம் போடும் காம்பஸை மகள் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போய்விட்டாள், அதனால்தான் மூடி என்று அந்த மனிதர் ஒளிக்காமல் சொன்னார்; கோடு எவ்வளவு சுத்தமாக வந்திருக்கிறது பார்த்தீர்களா என்று பாராட்டும் எதிர்பார்த்தார். அளவுகோல் வைத்துக் கணக்குப் பார்த்தால் சோடா மூடிக்கு நாற்பத்தொன்பது அடிதான் வந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இதுவோ ஏட்டிலேயே பதினோரு அடி குறைச்சலான சுரைக்காய்.

பதினோரு அடியை எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும். நேரில் போய்ப் பார்த்தார். சந்தின் முடிவில் பாறை. இடது பக்கம் கால்வாய். மிச்சமிருந்தது வலது பக்கத்துப் பதினேழாம் மனை. அதன் மூலையில் நாலு முளைக்குச்சி அடித்து, கயிறு கட்டி, நடுவில் ஒரு முக்காலியும் போட்டிருந்தது. அந்த முக்காலியைப் பார்த்ததும் டேப்பு இரும்பு டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். அது அவருடைய அக்காவின் முக்காலி.

அக்கா இருபத்தெட்டு வருஷம் பேருந்து நடத்துனர். அவள் விசில் ஊதினால் வண்டி மட்டுமல்ல, சாலையில் போகும் மாடும் நிற்கும். வேலையில் இருந்தவரை பதினோரு வாடகை வீடு மாறினாள். பதினொன்றிலும் சமையலறைக்கு ஜன்னல் கிடையாது. ஒன்றில் ஜன்னல் இருந்தது, அது பக்கத்து வீட்டுக் குளியலறைக்குள் திறந்தது. ஓய்வு பெற்றதும் அவள் செய்த முதல் காரியம் இந்த மனையை வாங்கியது. இரண்டாவது காரியம், கால்வாய் தெரியும் மூலையில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஜன்னல் எந்த உயரத்தில் வர வேண்டும் என்று பார்த்தது. வீடு எழும்பும் முன்பே அவள் அந்தச் சமையலறையில் குடியேறிவிட்டாள்.

டேப்புக்குப் பயம் வந்தது. கொழுந்துவிட்டு எரியும் கிடங்குக்குள் யோசிக்காமல் நுழைகிறவர், அக்காவின் முக்காலியைத் தூக்கச் சொல்ல நடுங்கினார். ஒரு வாரம் கோப்பை அலமாரிக்கு மேலே போட்டுவைத்தார். வெயிலில் நிலம் நீளுமோ என்ற நப்பாசையில் காலையிலும் அளந்தார், மத்தியானத்திலும் அளந்தார். பூமிக்கு இரக்கம் பிறக்கவில்லை. எத்தனை தடவை அளந்தாலும் அதே நாற்பத்தொன்பது.

இதற்குள் பூங்கா அலுவலகத்துக்கே வந்துவிட்டார். நெருப்பு என்றால் வாய் வெந்துவிடுமா என்று ஆரம்பித்து, தீ என்ன தினமுமா வரப்போகிறது என்று தொடர்ந்து, கடைசியில் ஒரு யோசனையும் சொன்னார்.

"சார், அந்த ஊருக்கு மட்டும் கொஞ்சம் சின்ன வண்டியா அனுப்பினா என்ன?"

"அனுப்பலாம். தீகிட்ட சொல்லிவைங்க, சின்னதா வரச்சொல்லி" என்றார் டேப்பு.

பூங்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே நேராக அக்காவிடம் போய், உங்கள் தம்பிதான் உங்கள் சமையலறையை இடிக்கப் பார்க்கிறார் என்று பற்றவைத்துவிட்டு வந்தார். எரிகிற வீட்டில் பிடுங்கின வரை லாபம் என்று நினைக்கிற ஆளுக்கு, வீட்டை எரியவிடுவதும் கைவந்த கலைதான்.

அன்று மாலையே அக்கா நிலையத்துக்கு வந்தாள். கழுவி நிறுத்தியிருந்த வண்டியை ஏற இறங்கப் பார்த்தாள். இருபத்தெட்டு வருஷத்தில் இதைவிட நீளமான வண்டியை, இதைவிடக் குறுகலான சந்தில், மழையில், குடிகாரப் பயணிகளோடு திருப்பியிருக்கிறேன் என்றாள்.

"உங்க ஆளுக்கு ஓட்டத் தெரியலன்னா அதுக்கு என் அடுப்பங்கரையத்தான் இடிக்கணுமா? வண்டிய கொண்டு வா. நான் திருப்பிக் காட்டறேன்."

"திரும்பாதுக்கா."

"திரும்பினா கையெழுத்துப் போடுவியா?"

டேப்பு யோசித்தார். சந்தேகம் இருந்தால் வண்டியையே கொண்டுபோய்ப் பார்ப்பது அவருடைய வழக்கம். "ஒரே வீச்சுல திரும்பினா போடறேன்" என்றார். உள்ளுக்குள் திரும்பிவிடாதா என்றும் இருந்தது. அக்காவா வண்டியா என்றால் அவர் அக்காவின் பக்கம்தான். ஆனால் அந்தப் பக்கம் நின்றுகொண்டு கையெழுத்துப் போடும் வழிதான் தெரியவில்லை.

மறுநாள் காலை வண்டி முட்டுச் சந்துக்குள் நுழைந்தது. ஓட்டுனர் பழைய ஆள், டேப்போடு பத்து வருஷமாக இருக்கிறவர். அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு பழைய விசிலை வாயில் வைத்தாள். பூங்கா குடை பிடித்து நின்றார்.

அக்கா பின்னால் ஓடினாள், பக்கவாட்டில் தட்டினாள், வரலாம் வரலாம் என்று கையை ஆட்டினாள். நிஜமாகவே கெட்டிக்காரி. வேறு யாராக இருந்தாலும் முதல் தடவையிலேயே கால்வாயில் இறக்கியிருப்பார்கள். ஆனாலும் வண்டி முன்னால் போய்ப் பாறையில் முட்டப் பார்த்தது, பின்னால் வந்து கால்வாய் விளிம்பில் நின்றது. முன்னால், பின்னால், முன்னால், பின்னால். ஒன்பதாவது தடவை பின்சக்கரம் முளைக்குச்சியின் மேல் ஏறி இறங்க, கயிறு அறுந்து, முக்காலி உருண்டு, வண்டி ஒருவழியாகத் திரும்பியது. டேப்பு கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நிமிஷம்.

"ஒன்பது தடவையானா என்ன? திரும்பிச்சில்ல?" என்றாள் அக்கா. வியர்வை வழிந்தது. "அஞ்சு நிமிஷத்துல ஒண்ணும் குடிமுழுகிடாது."

பூங்கா குடைக்குள்ளிருந்து பலமாகத் தலையாட்டினார்.

ஓட்டுனர் இறங்கி வந்து முகத்தைத் துடைத்தார். அவர் அதிகாரியைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்துச் சொன்னார். "அன்னிக்கு ஏழு தடவைக்கா."

"என்னைக்கு?"

ஓட்டுனர் இப்போது அதிகாரியின் பக்கம் திரும்பினார். சொல்ல வேண்டியவர் டேப்புதான். பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாததை அவர் அந்த வெயிலில் நின்று சொன்னார். ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு மனைப்பிரிவு, இதே மாதிரி ஒரு வளைவு. வரைபடத்தைப் பார்த்து, போகாமலே கையெழுத்துப் போட்டார். அங்கே ஒரு தையல்காரர் வீடு பற்றிக்கொண்டது. வண்டி வளைவில் மாட்டிக்கொண்டு முன்னும் பின்னும் போனது. பிறகு அங்கேயே நிறுத்திவிட்டுக் குழாயை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். இரண்டு குழாய் நீளம் போதவில்லை. யாரும் சாகவில்லை. ஆறு தையல் எந்திரமும், ஊரார் தைக்கக் கொடுத்த துணியும், வீடும் போயிற்று.

"எல்லாம் முடிஞ்சப்புறம் அந்த ஆளு எங்களுக்குக் குடிக்கத் தண்ணி கொடுத்தாருக்கா. கொடுத்துட்டு, இந்த ரோட்டுக்கு யாரு சார் கையெழுத்துப் போட்டதுன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"விசாரிக்கிறேன்னு சொன்னேன்."

அவருக்கு அழுகை வந்தது. அதை மறைக்க டேப்பை வெளியே எடுத்து, எதை அளப்பது என்று தெரியாமல் மறுபடி பையில் போட்டுக்கொண்டார்.

அக்கா கொஞ்ச நேரம் கால்வாயைப் பார்த்தாள். பிறகு குனிந்து, சக்கரம் ஏறி நசுங்கிக் கிடந்த முளைக்குச்சியைப் பிடுங்கினாள். "டேப்ப கொடுடா" என்றாள். வாங்கி, பதினோரு அடி அளந்து, உள்ளே தள்ளி அந்தக் குச்சியைக் கல்லால் அடித்து இறக்கினாள்.

"இந்தக் குச்சி வரைக்கும் வண்டிக்கு. எழுதிக்கோ" என்று பூங்காவிடம் சொன்னாள். "போன மூலைக்குப் பதிலா பாறை ஓரத்துல எனக்கு ஒரு துண்டு விடணும். அதையும் எழுதிக்கோ."

பூங்கா வாய் திறந்தார். அக்கா விசிலை வாய்க்குக் கொண்டுபோனாள். அவர் எழுதிக்கொண்டார்.

வட்டம் அறுபது அடியாக வந்தது. இந்த முறை காம்பஸ் வைத்து வரைந்தார்கள். டேப்பு கையெழுத்துப் போட்டார். மூலை போனதால் அக்காவின் சமையலறைச் சுவர் கோணலாக எழும்பியது. கால்வாயைப் பார்க்க வேண்டிய ஜன்னல் இப்போது அந்த வட்டத்தைப் பார்த்தது. மண்ணைத் தவிர அதில் பார்க்க ஒன்றும் கிடையாது. அக்கா அதை மாதக்கணக்கில் சொல்லிக்காட்டினாள். காசா பணமா, சொல்லிக்காட்டத்தானே உடன்பிறப்பு.

குடிவந்த முதல் ஞாயிற்றுக்கிழமை தம்பியைச் சாப்பிடக் கூப்பிட்டாள். டேப்பு கொஞ்சம் தாமதமாக, ஜன்னலுக்குத் திரைத்துணி வாங்கிக்கொண்டு வந்தார். தெருவோரம் முழுக்க மணல் குவியல். வட்டம் காலியாகக் கிடந்தது. ஸ்கூட்டரை அதன் ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினார்.

விசில் சத்தம் கேட்டது. ஜன்னலில் அக்கா, கையில் கரண்டியோடு.

"எட்றா வண்டிய."

"அஞ்சு நிமிஷம்க்கா. இத மட்டும் கொடுத்துட்டு..."

"அஞ்சு நிமிஷம்னு அந்தத் தையக்காரர்கிட்ட போய்ச் சொல்லு."

டேப்பு திரைத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஸ்கூட்டரைத் தள்ளிப் போய் வட்டத்துக்கு வெளியே மணல் குவியலின் பக்கத்தில் நிறுத்தினார். நிமிர்ந்து பார்த்தார். அக்கா ஜன்னலில் நின்றபடியே, இன்னும் அரை அடி தள்ளு என்று கரண்டியை ஆட்டினாள்.