காலையில் மட்டும் கிளம்பும் வேன்

வண்டி ரிப்பேரில் என் மூளையை நம்பியவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். ஒன்று நான், இன்னொன்று என் மனைவி. அவளுக்காவது தாலி கட்டிக்கொண்ட பாவம் என்று ஒரு சாக்கு உண்டு. என்னுடையது கலப்படமில்லாத முட்டாள்தனம்.

எழுபதுகளின் தொடக்கம். எர்ணாவூரில் குடியிருந்தோம். நான் ஒரு சோடா கம்பெனியின் பழைய வேனை ஓட்டிக்கொண்டிருந்தேன். காலையில் திருவொற்றியூர்க் கடைகளுக்குச் சோடாவும் கலரும் போட்டுவிட்டு மத்தியானம் காலி பாட்டில்களோடு திரும்ப வேண்டும். வேனை என் வீட்டு வாசலிலேயே நிறுத்திக்கொள்ளச் சொன்னார் முதலாளி. கௌரவம் என்று நினைத்தேன். அவர் வாசலில் அது கிளம்பாமல் நின்று மானத்தை வாங்கியது பிறகுதான் தெரிந்தது. விடிந்ததும் கம்பெனிப் பையன்கள் சரக்கை என் வாசலுக்கே கொண்டுவந்து ஏற்றுவார்கள்.

காலையில் சாவியைத் திருப்பினால் உடனே உறுமும். மத்தியானம் சில நாள் கிளம்பும், பல நாள் 'டொக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ரோட்டில் போகிறவர்களைக் கெஞ்சித் தள்ளச் சொல்ல வேண்டும். ஹாரன் அடித்தது, விளக்கு எரிந்தது. ஆகவே பேட்டரி நிரபராதி என்று விடுதலை செய்தேன். இன்ஜினைச் சுற்றிக் கிளப்புகிற செல்ஃப் மோட்டாரைக் கழற்றித் துடைத்தேன். எலுமிச்சம்பழம் கட்டினேன். கடைசியில் பெரிய உண்மை ஒன்றைக் கண்டுபிடித்தேன்: காலையில் கிளம்புகிறது, வெயில் ஏறினால் கிளம்புவதில்லை. கோளாறு சூடுதான்! மோட்டார் மேல் ஈரச் சாக்கைப் போட்டேன். சில நாள் கிளம்பியது. அது என் திறமை. கிளம்பாத நாட்களில் வேனுக்குத் திமிர்.

அப்போது மனைவிக்கு நிறைமாதம். குழந்தை குறுக்கே கிடக்கிறது, வலி எடுத்த உடனே வந்துவிட வேண்டும், வீட்டில் வைத்துப் பார்க்கிற வேலையே கூடாது என்று ராயபுரம் ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் அவள் அக்கா வீடு. அங்கே போய் இருக்கிறேன் என்றாள். நான் விடவில்லை.

"வாசல்ல வண்டி கீது. இன்னாத்துக்கு பயப்படுற? காலைல வலி வந்தா ஒரே திருப்பு. மத்தியானம் வந்தா ஒரு பக்கெட் தண்ணி."

"ராத்திரி வந்தா?"

"ராத்திரி இன்னும் குளுமையா கீதும்மே!"

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒத்திகை பார்த்தோம். அவள் முன்சீட்டில் என் பக்கத்தில் ஏறி உட்காருவாள், நான் திருப்புவேன், வேன் கிளம்பும். ஒரு தடவைகூடத் தவறவில்லை. தெரு முனைவரை போய் வந்து மீசையைத் தடவிக்கொள்வேன்.

மார்கழியில் ஒரு நாள் விடியற்காலை வலி வந்தது. அவளால் உட்கார முடியவில்லை. வேனின் பின்னால் பாய் விரித்துப் படுக்க வைத்தோம். பக்கத்து வீட்டு மீன்காரம்மா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணாடியெல்லாம் பனி. இதைவிடக் குளிர்ந்த இன்ஜின் எங்கே கிடைக்கும்? தைரியமாகத் திருப்பினேன்.

டொக்.

மறுபடியும் டொக். இத்தனை நாள் நான் பிடித்துத் தொங்கிய கயிறு மேலே எதிலும் கட்டப்படவில்லை என்பது அந்த நிமிஷம் விளங்கியது. தள்ளலாம் என்றால் எங்கள் தெரு கடல் மணல், சக்கரம் புதையும். கையால் சுற்றிக் கிளப்புகிற ஹேண்டில் தொலைந்துபோயிருந்தது. யார் தொலைத்தது என்று கேட்காதீர்கள். வேறு வண்டி பிடிக்கப் பெரிய ரோட்டுக்கு ஓட வேண்டும். பின்னால் அவள் வலியில் கத்தினாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? இறங்கிப்போய் ஒரு பக்கெட் தண்ணீர் கொண்டுவந்தேன்.

"ஐஸாட்டம் கீற வண்டிக்கு இன்னாத்துக்குடா தண்ணி?" மீன்காரம்மா பின்னாலிருந்து குதித்தாள். "நீ முயிக்கிற முயியே சரியில்ல. ஏறு! நான் பக்கத்துல குந்திக்கினு பாக்குறேன், நீ இன்னா பண்றேன்னு."

சீட் முனக, தொப்பென்று உட்கார்ந்தாள். நான் திருப்பினேன். வேன் உறுமியது.

"பாத்தியா? என் ராசி. சரி, நான் பின்னால போறேன்."

"அக்கா, எறங்காதே! உன் கால்ல வுயறேன், எறங்காதே!"

அவள் இறங்கவில்லை. என் முகத்தைப் பார்த்து அவளுக்கே பயம் வந்திருக்க வேண்டும்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. இன்ஜின் நின்றுவிடுமோ என்று ஆக்ஸிலேட்டரை மிதித்தபடியே இருந்தேன். திடீரென்று பின்னால் சத்தமே இல்லை. கத்தலைத் தாங்கிவிட்டேன், அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை. திரும்பிப் பார்க்கவும் தைரியம் இல்லை. ஹாரனை அழுத்தினேன், எடுக்காமல் அழுத்தினேன்.

"யோவ்," பின்னாலிருந்து ஈனமாக ஒரு குரல், "நீ ஹாரன் அட்ச்சா ரயிலு வயி வுட்ருமா?"

உயிர் வந்தது. அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. வேர்வை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள், மீன்காரம்மாவும் கூடவே போனாள். வேனை ஓரமாக நிறுத்து என்றார் வாட்ச்மேன். அணைத்த இன்ஜினை மறுபடி திருப்பினேன். டொக். நாலு பேர் சேர்ந்து தள்ளிவிட்டார்கள். நான் அதற்குள்ளேயே உட்கார்ந்து, தெரிந்த எல்லாச் சாமியிடமும் அவள் அக்கா வீட்டை நினைத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வெயில் நன்றாக ஏறிய பிறகு மீன்காரம்மா வந்து, களைப்போடு பக்கத்துச் சீட்டில் விழுந்தாள். "பொண்ணு. வவுத்த கிய்ச்சித்தான் எட்த்தாங்க. ரெண்டு பேரும் நல்லாத்தான் கீறாங்க. வுடு, அயுவாத."

சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் சாவியைப் பிடித்துத் திருப்பினேன். வேன் கிளம்பிவிட்டது! அதுவும் உச்சி வெயிலில்!

அணைத்தேன். "அக்கா, கொஞ்சம் எறங்கு." டொக். "ஏறு." உறுமியது. "எறங்கு."

"இன்னாடா, என்னிய வச்சி வெளயாடுறியா?"

அவள் உட்கார்ந்திருந்த சீட்டைத் தூக்கினேன். அடியில் பேட்டரி. உப்புக் காற்றில் பச்சை பூத்த ஒயர் முனை, பிடி தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. சீட்டில் பாரம் ஏறினால் பலகை அழுத்தி அது ஒட்டிக்கொள்கிறது. காலையில் அந்தச் சீட்டில் எப்போதும் ஒரு பெட்டி சோடா இருக்கும். மத்தியானம் காலிப் பெட்டி ஏதாவது அங்கே வந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. ஒத்திகையில் என் நிறைமாத மனைவி இருந்தாள். சூடாவது, குளுமையாவது! ஹாரனுக்கும் விளக்குக்கும் அந்தத் தளர்ந்த இணைப்பே போதும், நிறைய கரண்ட் கேட்கிற செல்ஃப் மோட்டாருக்குப் போதாது.

சுரண்டி, முடுக்கி, காலி சீட்டோடு பத்துத் தடவை கிளப்பிப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினேன். குழந்தையைப் பார்த்தேன். மனைவி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். பேட்டரி, பலகை, சோடாப் பெட்டி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். "இனிமே எப்ப திருப்பினாலும் கெளம்பும்மே. உன்னியும் பாப்பாவையும் அதுலதான் வூட்டுக்கு இட்டுனு போவேன்."

அவள் கண்ணைத் திறக்கவே இல்லை.

"நீ அத்த ஓட்டிக்கினு போ, நாங்க ரிக்‌ஷால வரோம்."